நாற்பது விநாடிக்கு ஒரு கீச்

"உன் வீட்டுல குருவி ஏதாவது வளக்குறியா?" என்று கேட்டேன்.

"பிப்ரவரியில ஏது குருவி?" என்றான் ஓட்வார்.

"கீச்சுன்னு ஒரு சத்தம் வருதே."

"உன் ஃபோன்லதான் வரும். அதுவும் உன்ன மாதிரி கெழடாயிடுச்சு, குட்டி."

எழுபத்தாறு வயதில் என்னைக் குட்டி என்று கூப்பிட மிஞ்சியிருப்பவன் என் அண்ணன் ஒருவன்தான். அவனுக்கு எண்பத்தொன்று. நாங்கள் பிறந்த தீவில், பிறந்த வீட்டிலேயே தனியாக இருக்கிறான். நான் பெர்கன் நகரத்துக்குக் குடிவந்து ஐம்பது வருஷம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு அவன் கூப்பிடுவான். காப்பி ஆறும்வரை பேசுவோம்.

ஃபோன் கோளாறு என்று அவன் சொன்னதை நான் நம்பவில்லை. பதினேழு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தவள் நான். லைனில் எழும் சத்தம் எது, பேசுகிறவர் வீட்டுக் கூடத்தில் எழும் சத்தம் எது என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அவன் மீன்பிடிப் படகு ஒன்றைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, நான் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். நாற்பது விநாடிக்கு ஒரு கீச். கூரையில் மாட்டியிருக்கும் புகை அலாரம், பேட்டரி தீரப்போகிறது, மாற்று மாற்று என்று நச்சரிக்கிற சத்தம்.

வேறு யார் வீடாக இருந்தாலும் நான் சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பேன். இவன் ஓட்வார். முப்பத்தொரு வருஷம் தீவின் தீயணைப்புப் படைக்குத் தலைவனாக இருந்தவன். அங்கே இருக்கும் வீடுகளில் பாதிக்குமேல் அலாரம் மாட்டியது இவன் கைதான். படையை இளசுகளிடம் கொடுத்த பிறகும், டிசம்பர் ஒன்றாம் தேதி பேட்டரி மாற்றும் நாளில், மேட்டுத் தெருவில் இருக்கும் வயதானவர்கள் வீடுகளை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. அப்படிப்பட்டவன் தலைக்கு மேலேயே ஒன்று கத்திக்கொண்டிருக்கிறது. அவனுக்குக் கேட்கவில்லை. பேச்சு கேட்கிறது. மெலிசாக, கூராக வரும் சத்தம் மட்டும் போய்விட்டது.

அதைச் சொல்லியிருக்க வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். சொல்லிப் பார்த்தவள்தான் நான், வேறொரு விஷயத்தில். அதற்கு முந்தைய வருஷம் அவன் கண்ணைப் பற்றி அவனுடைய டாக்டருக்குச் சொன்னேன். கார் ஓட்டும் லைசென்ஸ் போயிற்று.

"டாக்டர்கிட்ட யார் சொன்னது?"

"நான்தான்."

"என் கண்ணப் பத்தி நீ எதுக்குச் சொல்றே?"

"நீ கம்பத்துல மோதினே, ஓட்வார்."

"கம்பத்த ரோட்டுக்கு நடுவுல நட்டா யார்தான் மோதமாட்டாங்க? உனக்கு அங்க பஸ் இருக்கு, ட்ராம் இருக்கு. எனக்கு என்ன இருக்கு?"

அதோடு வைத்தவன் எட்டு மாசம் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு நான் காப்பியை ஊற்றி வைத்துக்கொண்டு ஃபோனைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அது ஆறும். கொட்டுவேன். பிறகு ஒரு நாள், நடுவில் ஒன்றுமே நடக்காதது போல, "மழையா அங்க?" என்று கேட்டான். மழைதான் என்றேன். குரல் உடைந்துவிடாமல் அந்த ஒரு சொல்லைச் சொல்ல நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

மறுபடியும் அந்த எட்டு மாசத்துக்குப் போக எனக்குத் தெம்பு இல்லை. காது கேட்கவில்லை என்று சொன்னால் போவது கீச் சத்தம் மட்டும் இல்லை, டிசம்பர் ஒன்றாம் தேதியும் அவன் கையை விட்டுப் போகும். அதனால் வாயைக் கட்டிக்கொண்டேன்.

வாரா வாரம் அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. கீச் வரும்போதெல்லாம் என் பேச்சு ஒரு கணம் தடுக்கி நின்றுவிடும்.

"என்ன நிறுத்திட்டே?"

"ஒண்ணுமில்ல. காப்பி சுடுது."

"மெதுவாக் குடி. யாரும் புடுங்கிக்கப் போறதில்ல."

ஈஸ்டர் கழிந்து இரண்டாவது ஞாயிறு சத்தம் நின்றது. பேட்டரி மாற்றிவிட்டான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பேட்டரி அடியோடு செத்துப்போனாலும் சத்தம் நிற்கும். அதுவும் எனக்குத் தெரியும். தெரிந்தும், நின்றது நல்லதாகப் போயிற்று என்று நிம்மதியாகக் காப்பி குடித்தேன்.

அந்த வருஷம் நவம்பர் முப்பது ஞாயிற்றுக்கிழமையாக வந்தது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு; வாரத்துக்கு ஒரு மெழுகுவத்தி கூடும். நானும் ஒரு ஊதா மெழுகுவத்தியை ஏற்றி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

"நாளைக்குப் பன்னண்டு வீடு" என்றான். குரலில் அத்தனை சந்தோஷம். "பேட்டரி எல்லாம் எடுத்து வச்சாச்சு. ஏணிய விறகுக் கொட்டகையிலேர்ந்து கொண்டாந்துட்டேன்."

"தரையெல்லாம் வழுக்குமே. அந்த ஈடுனைக் கூட்டிட்டுப் போயேன்." ஈடுன் என்பவள் இப்போது படைக்குத் தலைவி. முப்பது வயதுப் பெண்.

"எதுக்கு?"

எதுக்கு என்று அவன் கேட்டான். சொல்ல வேண்டிய இடம் அதுதான். 'அலாரத்தின் சோதனைப் பொத்தானை அழுத்தினால் உனக்குக் கேட்காது, கேட்கிற காது ஒன்று கூட வரட்டும்' என்று சொல்ல எனக்கு அரை நிமிஷம் போதும்.

"ஏணி பிடிக்க" என்றேன்.

"ஏணி பிடிக்க வீட்டுக்காரங்க இருக்காங்க. இந்த ஒரு வேலையில மூக்க நுழைக்காத, குட்டி. என் காரத்தான் ஏற்கெனவே புடுங்கிட்டே."

"சரி. நுழைக்கல."

"கோவமா?"

"எனக்கென்ன கோவம்? குல்லா போட்டுக்கிட்டுப் போ."

அடுத்த ஞாயிறு அவன் கூப்பிட்டபோது குரலே நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது.

"பன்னண்டும் முடிஞ்சுது. கடைசியா போர்கில்ட் வீடு. மெல்லிசா லெஃப்ஸா ரொட்டி சுட்டு வச்சிருந்தா. வெண்ணெயும் சர்க்கரையும் தடவி, சுருட்டிச் சுருட்டிக் குடுத்தா. ஆறு தின்னேன்."

"ஆறா! அவ எண்ணியிருப்பா."

"எண்ணட்டுமே. டீச்சரா இருந்தவ, எண்ணாம இருப்பாளா?"

போர்கில்ட் எனக்குப் பள்ளிக்கூடத்தில் மூன்று வகுப்பு மேலே படித்தவள். பிறகு அதே பள்ளிக்கூடத்தில் டீச்சரானாள். புருஷன் போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. அவளும் அண்ணனும் வாரத்தில் இரண்டு நாள் சேர்ந்து சாப்பிடுவார்கள். அதற்கு என்ன பேர் என்று நான் கேட்டதில்லை.

"அவ வீட்டு அலாரம்?"

"மாத்தினேன், அழுத்தினேன், சிரிச்சா. எல்லாம் சரி." கொஞ்சம் நிறுத்தினான். "வீட்டுக்கு வந்து பாத்தா ஒரு புதுப் பேட்டரி மிச்சமாக் கெடக்கு. பன்னண்டுதான் எடுத்துட்டுப் போனேன்னு நெனப்பு."

"எண்ணும்போது தப்பியிருக்கும்."

"ஆமா. தப்பியிருக்கும்."

மூன்றாவது ஞாயிறு நாலு மணி அடித்தது. ஃபோன் வரவில்லை. நாலரை ஆயிற்று. நான் என்ன சொல்லிவிட்டேன், எதற்குக் கோபம் என்று போன வாரப் பேச்சையெல்லாம் புரட்டிப் பார்த்தேன். ஐந்தரைக்கு அடித்தது.

"போர்கில்ட் வீடு போச்சு" என்றான்.

"போச்சுன்னா?"

"போச்சு, குட்டி. அடித்தளக் கல்லு மட்டும் நிக்குது. சாப்பிட்டுட்டு சோபாவுல படுத்திருக்கா. ஜன்னல்ல மூணு மெழுகுவத்தி. திரைச்சீலை பத்தியிருக்கு."

"அவ?"

"உசுரு இருக்கு. ஹெலிகாப்டர்ல உங்க ஊருக்குத்தான் கொண்டுட்டுப் போயிருக்காங்க. கீழ் வீட்டு யோஸ்டெய்ன் கதவ ஒடைச்சு இழுத்துப் போட்டான்." மூச்சு வாங்கியது அவனுக்கு. "யோஸ்டெய்ன் வாசல்லதான் பனி தள்ளிக்கிட்டு இருந்திருக்கான். அரை மணி நேரமா. கூப்பிடு தூரத்துல. ஜன்னல் செவந்த பிறகுதான் பாத்திருக்கான். ஒரு சத்தமும் கேக்கலங்கறான். அலாரம் கத்தவே இல்லையாம்."

நான் ஃபோனை மறு காதுக்கு மாற்றினேன்.

"நான் அழுத்தினேனே" என்றான். "நான் அழுத்தினேனே, குட்டி."

என் மேஜை மேல் எரிந்துகொண்டிருந்த மூன்று மெழுகுவத்திகளையும் விரலால் நசுக்கி அணைத்தேன். சுட்டது. சுடட்டும் என்றிருந்தது.

போர்கில்ட் ஐந்து வாரம் பெர்கன் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். நான் இரண்டு தரம் போனேன். தூங்கிக்கொண்டே இருந்தாள். பிறகு தீவின் முதியோர் இல்லத்துக்கு அனுப்பினார்கள். புகை அவள் தொண்டையைத் தின்றுவிட்டது. குரல் திரும்பாது என்று சொன்னார்கள். காற்று மாதிரி ஒரு கிசுகிசுப்பு, அவ்வளவுதான்.

பிப்ரவரியில் நான் படகேறிப் போனேன். துறையில் ஓட்வார் நின்றான். கோட்டு அவன் மேல் தொங்கியது.

"நல்லவேளை வந்தே" என்றான். "அவ என்ன சொல்றான்னே எனக்குப் புரியல. நாலு தரம் போயிட்டேன். உதடு அசையுது, ஒண்ணும் வரல. சரி சரின்னு தலையாட்டிட்டு வந்துடறேன்."

முதியோர் இல்லத்தின் கூடத்தில் வாஃபிள் சுடும் வாசனை. நாலைந்து பேர் மேஜைகளில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி பின்னல் ஊசிகளோடு இருந்தாள். போர்கில்ட் ஜன்னலோரம் சக்கர நாற்காலியில், யாருடையதோ ஒரு கம்பளிச் சட்டையில் இருந்தாள். அவளுடையது என்று ஒரு துணிகூட மிஞ்சவில்லை.

அவள் உதட்டை அசைத்தாள். நான் குனிந்தேன். எனக்குக் கேட்டது.

"என்ன சொல்றா?" என்றான் ஓட்வார்.

"நீ இளைச்சுட்டியாம்."

"இவ மட்டும் என்ன, குதிரை மாதிரியா இருக்கா?"

அவள் மறுபடியும் கிசுகிசுத்தாள். நான் உரக்கச் சொன்னேன். "ஆறு லெஃப்ஸா தின்னவன் இப்ப ஒரு வாஃபிளத் திங்கவே முக்கறானேங்கறா."

ஓட்வார் சிரித்தான். அந்த ரெண்டு மாசத்தில் அவன் சிரித்தது அதுதான் முதல் தடவையாக இருக்கும். அவள் சொல்ல, நான் சொல்ல, அவன் பதில் சொல்ல, பேச்சு ஒரு வழியாக ஓட ஆரம்பித்தது. எக்ஸ்சேஞ்சில் இரண்டு ஊர்களை இணைத்துவிட்டு நடுவில் உட்கார்ந்திருப்பது போல இருந்தது எனக்கு. அங்கே நாங்கள் ஒட்டுக்கேட்கக் கூடாது. இங்கே ஒவ்வொரு சொல்லும் என் வாய் வழியாகத்தான் போக வேண்டும்.

போர்கில்ட் தன் காதைத் தொட்டுக் காட்டினாள். இரண்டு காதிலும் சின்ன மெஷின்.

"புதுசாம்" என்றேன். "பழசு தையல் டப்பாவோட எரிஞ்சு போச்சாம்."

"டப்பாவோடயா? காது மெஷினத் தையல் டப்பாவுலயா வச்சிருந்தா?"

அவள் தலையசைத்தாள்.

"எப்பலேர்ந்து?"

நான் குனிந்து கேட்டேன். "நாலு வருஷமா. குப்பை லாரி உள்ள ஓடற மாதிரி இருக்குன்னு கழட்டிப் போட்டாளாம். யார்கிட்டயும் சொல்லலையாம்."

ஓட்வார் கோப்பையைக் கீழே வைத்தான். மெதுவாக வைத்தான்.

"அப்ப அன்னிக்கு? நான் பொத்தான அழுத்தினப்ப?"

"கேக்கலங்கறா."

"சிரிச்சாளே!"

போர்கில்ட் நீளமாக எதையோ சொன்னாள். நான் இரண்டு தரம் கேட்டு வாங்க வேண்டியிருந்தது.

"நீ அழுத்திட்டு அவ மூஞ்சியப் பாத்தியாம். நீ ஏதோ எதிர்பாக்கறேன்னு சிரிச்சாளாம். நீ தலைய ஆட்டினியாம். உனக்குக் கேட்டிருக்கு, தனக்குத்தான் கேக்கலன்னு இருந்துட்டாளாம்."

"அவ சிரிச்சதாலதான் நான் தலைய ஆட்டினேன்" என்றான் ஓட்வார்.

ஜன்னலுக்கு வெளியே யாரோ பனியைச் சுரண்டும் சத்தம் கேட்டது.

"மூணு வருஷமா அப்படித்தான்" என்றான் அவன், மேஜையைப் பார்த்துக்கொண்டு. "அழுத்துவேன், மூஞ்சியப் பாப்பேன். மொகத்தச் சுளிப்பாங்க. காதப் பொத்திக்குவாங்க. நாய் இருக்கற வீட்டுல நாய் கொலைக்கும். ஏதாவது ஒண்ணு நடக்கும். சரி, வேல செய்யுதுன்னு தலைய ஆட்டிட்டு எறங்கிடுவேன். யாரும் கண்டுபிடிக்கல." நிறுத்தினான். "அந்தப் புதுப் பேட்டரி மிச்சமாச்சே, அது இவளுதுதான். முந்தின வீட்டுல கழட்டின பழச அதே பையில போட்டிருக்கேன். அத எடுத்துத்தான் இவளுக்கு மாட்டியிருக்கேன். மேஜையில அது கெடந்தப்பவே எனக்குத் துணுக்குன்னுச்சு. திரும்பிப் போகல."

'எண்ணும்போது தப்பியிருக்கும்' என்று சொன்னது நான். அதை அவன் சொல்லிக்காட்டவில்லை.

போர்கில்ட் அவன் கையைத் தட்டினாள். ஒரு தட்டு. பிறகு என் பக்கம் திரும்பி, என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக் கிசுகிசுத்தாள். இந்தத் தடவை திருப்பிக் கேட்க வேண்டியிருக்கவில்லை. தெளிவாக விழுந்தது.

"என்ன சொல்றா?" என்றான் ஓட்வார்.

அவள் கேட்டது இதுதான்: இவனுக்குக் காது கேக்கலன்னு ஒருத்தருக்குமா தெரியாம இருந்துது?

"என்ன சொல்றா, குட்டி?"

காப்பி ஆறுதாம் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அவள் கிசுகிசுத்தது அவனுக்குக் கேட்டிருக்காது. நான் மாற்றிச் சொல்வது அவளுக்குக் கேட்டிருக்கும், புது மெஷின் இரண்டு காதிலும். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், பள்ளிக்கூடத்தில் பார்த்த அதே பார்வை.

"உனக்குக் காது கேக்கலன்னு யாருக்குமே தெரியாதான்னு கேக்கறா" என்றேன். "எனக்குத் தெரியும்."

"என்னது? உரக்கச் சொல்லு."

"எனக்குத் தெரியும்!" கூடம் முழுக்கக் கேட்டது. பின்னிக்கொண்டிருந்தவள் ஊசியை நிறுத்தினாள். "போன வருஷம் பிப்ரவரியிலேர்ந்து தெரியும். உன் வீட்டு அலாரம் கீச்சு கீச்சுன்னு கத்திக்கிட்டிருந்துது. ஞாயித்துக்கிழமைதோறும் கேட்டேன். நீ திரும்பவும் பேசாம போயிடுவேன்னு சொல்லல."

ஓட்வார் நிமிர்ந்தான்.

"அதான் நின்னு நின்னு பேசினியா?" என்றான். "உனக்கு மூச்சு வாங்குதுன்னு நெனச்சேன். நெஞ்சுல ஏதோ கோளாறுன்னு. கேட்டா நீ கோவிச்சுக்குவேன்னு நானும் கேக்கல."

போர்கில்ட் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். கோபம் என்று சொல்ல முடியாது. பரீட்சைத் தாளில் ஒரே தப்பை மூன்று பேரும் எழுதியிருப்பதைக் கண்டவள் போல இருந்தாள். பிறகு கடைசியாக ஒன்று சொன்னாள். அதையும் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"இங்க அவ தலையணைக்கு அடியில ஒண்ணு வச்சிருக்காங்களாம். புகை வந்தா உலுக்கி எழுப்புமாம். காது கேக்கலன்னு சொன்னாலே குடுப்பாங்களாம். சொன்னாலே போதுமாம்."

"தெரியும்" என்றான் ஓட்வார். "கீழ்த்தெருவுல ரெண்டு பேருக்கு நானே எழுதி வாங்கிக் குடுத்திருக்கேன்."

போர்கில்ட் தன்னை அறைக்குத் தள்ளிக்கொண்டு போகச் சொன்னாள். தள்ளினேன். திரும்பி வந்தபோது ஓட்வார் கோட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றான். துறைவரை என் பையைத் தூக்கிக்கொண்டு வந்தான். வழியில் பேசவில்லை. படகு வந்ததும் பையைக் கொடுத்தான். "வழுக்கும், பாத்து ஏறு" என்றான்.

அந்த ஞாயிறு காப்பியை ஊற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நாலு ஆயிற்று. நாலு பத்து ஆயிற்று. காப்பியின் மேல் ஆடை படிவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடித்தது.

"ஈடுன் வந்தா" என்றான். "எல்லாத்தையும் புதுசா மாட்டிட்டுப் போயிருக்கா. எனக்கும் தலையணைக்கு அடியில ஒண்ணு. பழசப் பாத்துட்டு, இதுக்குப் பதினாறு வயசு ஓட்வார், பத்து வருஷத்துலயே தூக்கிப் போட்டிருக்கணும்னா. ஊருக்கெல்லாம் அதச் சொன்னவன் நானாம்."

"அவ பன்னண்டு வீட்டுக்கும் போனாளா?"

"பதினொண்ணு" என்றான்.

ஆமாம், பதினொன்றுதான்.

"ஃபோன மேல தூக்கிப் பிடிக்கிறேன். அழுத்தறேன். கேக்குதான்னு சொல்லு."

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. ஏறாதே என்று சொல்ல வாயெடுத்து, விட்டேன். பிறகு காதைக் கிழித்துக்கொண்டு அது அலறியது. எக்ஸ்சேஞ்சில்கூட நான் அப்படி ஒரு சத்தத்தைக் கேட்டதில்லை.

"கேக்குதா?"

"கேக்குது, ஓட்வார்."

அவன் இறங்கினான். மூச்சு இழுத்து விட்டான்.

"நெசமாவா?"

என் அண்ணன் எழுபத்தாறு வருஷத்தில் நான் சொன்ன எதையும் நெசமா என்று கேட்டதில்லை. இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் கேட்கிறான். பிறகு மழையைப் பற்றிப் பேசுகிறான், போர்கில்டைப் போய்ப் பார்த்ததைச் சொல்கிறான், அவள் இப்போது சிலேட்டில் எழுதிக் காட்டுகிறாளாம், அதில் அவன் எழுத்துப் பிழைகளையும் திருத்துகிறாளாம்.

"நெசமா" என்றேன் அன்றைக்கு. "நல்லாக் கேக்குது."

குட்டி என்ற அந்தச் சொல் வருமா என்று ஃபோனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"சரி, ஹால்டிஸ்" என்று என் பெயரைச் சொல்லிவிட்டு வைத்தான்.